பார்க்கக் கூடாத நாள்கள்

எப்பனேசர் சார் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். இனி முக்கால் மணி நேரம் எனக்கு வேலை இல்லை, பீடத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் இந்த உயரமான நாற்காலியில் அங்கியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும், கேட்கிற பாவனை முகத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். அவர் முடித்ததும் நான் எழுந்து பட்டியலை வாசிக்கவேண்டும். பட்டியல் என் மடியில், ஜெபப் புத்தகத்துக்குள் மடித்துக் கிடக்கிறது. சபைச் செயலர் மணிமணியாக எழுதிக் கொடுத்தது. இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பொருத்தனை செலுத்துகிறவர்கள் பதினேழு பேர், யார், என்ன நன்மை பெற்றார்கள், என்ன நேர்ந்துகொண்டு என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று வரிசையாக. பதினேழாவது என் மனைவி, சபைப் போதகனின் மனைவி என்பதால் ஊருக்கு ஐயரம்மா. ஐயரம்மா சுகிர்தம் அவர்கள், ஏப்ரல் மாதம் எடுத்த பரிசோதனையில் நோய் ஒன்றும் இல்லை என்று ஆண்டவர் சுகம் கட்டளையிட்டதற்காக, பீடத் துணி. நோய் இருக்கிறது. ஏப்ரலிலும் இருந்தது. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னவன் நான். தூண்களில் கட்டியிருக்கிற வாழைத்தார் பழுத்த வாசனை மூக்கில் ஏறுகிறது. பின்வரிசைக்குப் பின்னால் கால் கட்டிப் போட்டிருக்கிற சேவல்களில் ஒன்று நடுநடுவே கூவுகிறது, எப்பனேசர் சார் அது முடிகிறவரை நிறுத்தி, பிறகு தொடர்கிறார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், குறுக்கே பேசுகிறவர்களைச் சமாளித்துப் பழக்கம். அவள் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வழக்கமாக முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்காருகிறவள்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அவள் இங்கே இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம், இல்லை, அப்படிச் சொல்வதும் ஒரு தப்பித்தல்தான். மெஞ்ஞானபுரத்தில் மச்சினன் மகள் கல்யாணம், அவள் மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டாள். மார்பில் இருந்த சின்னக் கட்டியிலிருந்து சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள், ரிப்போர்ட்டை நீங்கள் வாங்கிவிடுங்கள், எனக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள். நான் தனியாக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார். சின்னதுதான், நல்ல சமயத்தில் வந்திருக்கிறீர்கள், இந்த வாரத்துக்குள் கூட்டிவாருங்கள், எடுத்துவிட்டால் பயமில்லை என்றார். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது, இந்த வாரத்துக்குள் என்ற சொல் உட்பட. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் மைக்செட் பாட்டு, யாரோ தேங்காய் எங்கே என்று கத்துகிறார்கள். "ஏங்க, என்ன சொன்னாவ?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, சத்தியமாக இல்லை, கல்யாண வீட்டில் நிற்கிற பெண்ணிடம் வேறு எதைச் சொல்வது. அவள் அங்கேயே உடைந்து அழுதாள், அந்த அழுகையில் எத்தனை நாள் பயம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள், நான் பக்கத்தில் குறட்டை விட்டிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அவளுடைய சொந்தம் மொத்தமும் எனக்குப் போன் செய்து ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டார்கள். சரி, ஏழு நாள் கழியட்டும், மறுவீடு எல்லாம் முடிந்து வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏழு என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது.

ஆதாரம், அதுதான் என் வியாதி. என் சேகரத்துக்கு உட்பட்ட சின்ன ஊர்ச் சபைகளின் உபதேசியார்களுக்கு மாசம் ஒரு பாடம் தபாலில் அனுப்புகிறேன். ஆசாரியர்களுக்கு ஆண்டவர் இட்ட கட்டளைகளின் சொல்லமைப்பை யூத உரைகாரர்கள் எப்படி வாசித்தார்கள் என்பது தலைப்பு. யாரும் என்னிடம் கேட்கவில்லை, பெங்களூரில் எபிரெயம் படித்த ரெண்டு வருஷத்தை எங்கேயாவது காட்டவேண்டுமே என்று நானாக இழுத்துப்போட்டுக்கொண்டது. பனை ஏறுகிறவர்களுக்கும் பீடி சுற்றுகிறவர்களுக்கும் ஜெபம் நடத்துகிற அந்த மனுஷர்கள் என் பாடத்தை வைத்து என்ன செய்தார்களோ தெரியாது, எனக்கு மட்டும் எழுதும்போது உடம்பு சிலிர்க்கும். ஆண்டவர் ஒரு சொல்லைக்கூட வீணாகச் செலவழிக்கமாட்டார் என்பது அந்த உரைகாரர்களின் பிடிவாதம். ஆசாரியரிடம் சொல் என்று சொன்னவர் மறுபடியும் அவர்களுக்குச் சொல் என்கிறாரே, ஏன் ரெண்டு தடவை? பெரியவர்கள் சின்னவர்களையும் காக்கவேண்டும் என்பதற்கு. அக்கினி அணையக்கூடாது என்று திரும்பத் திரும்ப வருகிறதே, ஏன்? அணைக்கிறவனுக்கு ரெண்டு குற்றம் என்பதற்கு. இப்படியே போகிறவர்கள் தோல்நோய் அதிகாரத்துக்கு வந்தால் நகரவே மாட்டார்கள். தோலில் வெள்ளையாக ஒரு தடம், அதை ஆசாரியனிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அந்தத் தடம் தானாக ஒருவனைத் தீட்டாக்காது, ஆசாரியன் வாய் திறந்து தீட்டு என்று சொல்லும்வரை அவன் சுத்தன்தான். ஆசாரியன் ஒன்றும் தெரியாதவனாக இருந்தாலும் சரி, படித்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று சொல் என்று எடுத்துக் கொடுக்க, அவன் சொல்லவேண்டும், சொன்னால்தான் ஆகும். அது அவனில் காணப்படும் நாளில் என்று ஒரு வாசகம் வருகிறது. நாளில் என்று ஏன் சொல்லவேண்டும்? பார்க்கிற நாள் ஒன்று உண்டு, பார்க்கக் கூடாத நாள் ஒன்று உண்டு. புது மாப்பிள்ளைக்கு விருந்து நாள் ஏழும் கழியும்வரை ஆசாரியன் பார்க்கமாட்டான். பண்டிகையில் பார்க்கமாட்டான். மேகம் மூடிய நாளில் பார்க்கமாட்டான், விடியலிலும் அந்தியிலும் பார்க்கமாட்டான். ஒரு வீட்டுச் சுவரில் தடம் என்றால், அவன் வருவதற்கு முன்னால் சட்டிபானை பாயெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிடவேண்டும், அவன் உள்ளே வந்து சொல்லும்வரை அதெல்லாம் சுத்தம். எவ்வளவு இரக்கம் பாருங்கள் என்று எழுதி ஆச்சரியக்குறி போட்டேன். சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவள் இந்தப் பீடத் துணியை மடியில் விரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாள் கழிந்து வந்தாள், கல்யாணப் பலகாரம் ஒரு தூக்குவாளி நிறைய. முகம் அப்படிச் செழித்திருந்தது, நாளைக்கு என்று நினைத்தேன். விடுமுறை வேதப்பள்ளி வந்தது, நூற்று இருபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு, அவள் இல்லாமல் நடக்காது. பிறகு அவளுடைய பிறந்தநாள். பிறகு மூன்று நாள் கன்வென்ஷன், வெளியூர்ப் போதகர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு தடவை போன் வந்தது, வேலூரில் காட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அது யோசித்துச் சொன்ன பொய். யோசிக்காமல் ஒன்று சொன்னால் அதைக் காப்பாற்ற யோசித்துப் பத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருந்தது, காரணம் இல்லாத நாளுக்கு மேகம் இருந்தது. இன்னொரு விதியும் கையில் இருந்தது. ஆசாரியன் எல்லாருடைய தடத்தையும் பார்க்கலாம், தன்னுடையதைப் பார்க்கக் கூடாது, தன் உறவுகளுடையதையும் பார்க்கக் கூடாது என்பார் அந்த உரைகாரர்களில் ஒரு ரபி. அப்படியானால் நான் சொல்லக் கூடாதவன் அல்லவா, வேறு யாராவது சொல்லட்டும் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன், அந்த வேறு யாரையும் தேடிப் போகவில்லை. தோலில் இருக்கிற வெள்ளைத் தடம் காத்திருக்கும். உள்ளே இருப்பது காத்திருக்காது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

எப்பனேசர் சார் பத்துக் குஷ்டரோகிகளுக்கு வந்துவிட்டார். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வேறு எதை எடுப்பார்கள், எல்லா வருஷமும் இந்தப் பத்துப் பேர்தான். போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காட்டுங்கள் என்கிறார் இயேசு, போகிற வழியிலேயே சுத்தமாகிவிடுகிறார்கள், ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று சார் கையை விரித்துச் சபையைக் கேட்கிறார். எனக்கு அந்த ஒன்பது பேர்மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்த ஆசாரியனை யோசித்துப் பார்க்கிறேன், காலையில் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான், ஒன்பது பேர் ஓடிவருகிறார்கள், அவனுக்கு எவ்வளவு லேசான வேலை, சுத்தம் என்று சொன்னால் போதும், எல்லாரும் அவனைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எதிரே பீடத்தில் துணி விரிந்திருக்கிறது. வெள்ளையில் வெள்ளை நூல், திராட்சைக் கொடி, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஏன் இப்படி யாருக்கும் தெரியாத வேலை என்று கேட்டதற்கு, தெரியவேண்டியவருக்குத் தெரிந்தால் போதும் என்றாள். சதை எடுத்த அன்றைக்கே நேர்ந்துகொண்டாளாம், ஒன்றுமில்லை என்று வந்தால் என் கையால் தைத்துப் போடுகிறேன் என்று. ஜூலையில் வலது கை வீங்க ஆரம்பித்தது. வளையல் ஏறவில்லை என்று சிரித்தாள், வயசாகிறது உடம்பு போடுகிறது என்றாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு தைத்தாள், ஒரு இலைக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. நான் எதிரே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்தேன். அந்த வீக்கம் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா என்று கேட்டேன். வெந்நீர் ஒத்தடம். என்னை நானே அடித்துக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது, அங்கியோடு, இத்தனை பேர் முன்னால்.

வியாழக்கிழமை முதுகு வலியில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை அவளால். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா, வேறு எங்கே கொண்டுபோவது. படம் எடுத்தார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வேலூரில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நான் எடுத்த படத்தையே பார்த்தேன். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, திட்டக்கூட இல்லை. "எலும்புக்குப் போயிட்டு ஐயா. இனி வலி தெரியாம பாத்துக்கிடலாம், அவ்வளவுதான்" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் என்றால் கிறிஸ்துமஸ் என்றார், அதற்கு என்ன அர்த்தமோ, நான் திருப்பிக் கேட்கவில்லை. "திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா நான் சொல்லிருவேன். ஏப்ரல்லயே ஒங்ககிட்ட சொன்னேங்கிறதையும் சேத்துத்தான் சொல்லுவேன்." நானே சொல்லுதேன் என்று எழுந்து வந்தேன். அவள் பெஞ்சில் பக்கத்துப் பெண்ணிடம் அவித்த பனங்கிழங்கை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எலும்புத் தேய்மானம் என்றேன். வெள்ளி, சனி, இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குத் திங்கட்கிழமை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் சாகப்போகிறாள் என்பதைவிட, அதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்ப்பாளே, அதற்குத்தான் பயப்படுகிறேன், இதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. முப்பத்தோரு வருஷம் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நம்பியவள். சபையில் நான் சொல்கிற ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்துவிட்டு வீட்டில் வந்து அதே தலையில் என்னிடம் குட்டு வாங்கியிருக்கிறாள், ஆரம்ப வருஷங்களில், எனக்கு அப்போது கோபம் அதிகம். அதையும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் நாங்கள் ரெண்டு பேரும் கெட்டிக்காரர்கள். மோசேயின் அக்காள் மிரியாமுக்குத் தோல் வெண்மையானபோது அவளை யார் பார்த்தது என்று உரைகாரர்கள் கேட்கிறார்கள். மோசே ஆசாரியன் இல்லை, ஆரோன் ஆசாரியன்தான் ஆனால் கூடப்பிறந்தவன். அப்படியானால் யார்? ஆண்டவர் தாமே ஆசாரியனாக வந்து பார்த்தார், தாமே ஏழு நாள் விலக்கி வைத்தார், தாமே சேர்த்துக்கொண்டார் என்கிறார்கள். இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. இங்கே அப்படி யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை, நான்தான் இருக்கிறேன். ஒன்பதாம் பாடத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன். பண்டிகை நாளில் பார்க்கலாமா என்று ரெண்டு ரபிகளுக்கு வழக்கு. ஒருவர், பார்க்கலாம், நல்ல செய்தியாக இருந்தால் சொல்லட்டும், கெட்டதாக இருந்தால் வாயை மூடிக்கொள்ளட்டும் என்கிறார். இன்னொருவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சட்டம் முடிகிற இடத்தைப் பார், சுத்தம் என்று தீர்க்கவோ தீட்டு என்று தீர்க்கவோ என்று முடிகிறது, ஆசாரியனுக்குக் கொடுத்தது ரெண்டே ரெண்டு, மூன்றாவதாக மௌனம் என்று ஒன்றைக் கொடுக்கவில்லை, பார்த்தவன் சொல்லவேண்டும் என்கிறார். பாடத்தில் முதலாமவரைப் பெரிய எழுத்தில் போட்டு இவரை அடிக்குறிப்பில் தள்ளியது நான்தான்.

இன்னொன்றை அடிக்குறிப்பில்கூடப் போடவில்லை. அவன் சுத்தன், ஆசாரியன் அவனைச் சுத்தன் என்று சொல்லவேண்டும் என்று ஒரு வரி. ஒன்று போதாதா, ஏன் ரெண்டு? முதலில் அவன் சுத்தமாக இருக்கவேண்டும், அப்புறம்தான் ஆசாரியனின் சொல். தீட்டை எடுத்துவைத்து ஆசாரியன் ஆயிரம் தடவை சுத்தம் என்று சொன்னாலும் அது சுத்தமாகாது. இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு ரபி பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்தார் என்று ஒரு கதை உண்டு. நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. பட்டியலை விரித்துப் பார்க்கிறேன், பதினேழாவது வரி அங்கேயேதான் இருக்கிறது. வாசிக்கமாட்டேன். அதுதான் செய்யவேண்டியது. பதினாறோடு நிறுத்திவிடுகிறேன், பிறகு சபையார் எல்லாரும் சேர்ந்து உட்காருகிற அசனச் சாப்பாடு, பிறகு வீட்டுக்குப் போய், அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சுகிர்தம், நான் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும், அதற்குப் பிறகு என்ன வார்த்தை, நாலு நாளாக அந்தப் பிறகு என்ற இடத்தில்தான் நிற்கிறேன். விட்டுவிட்டால் ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள், அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம். நல்ல யோசனைதான். சார் ஜெபத்தோடு முடித்துவிட்டார், எல்லாரும் கண் திறக்கிறார்கள், செயலர் என்னைப் பார்க்கிறார்.

எழுந்து படியருகே வந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆண்பிள்ளை பிறந்ததற்காக ஒரு தொட்டில் துணி, கிணற்றில் தண்ணீர் கிடைத்ததற்காக ரெண்டு வாழைத்தார், பாம்பு தீண்டிப் பிழைத்ததற்காக ஒரு சேவல். ஒவ்வொன்றுக்கும் அவரவர் எழுந்து முன்னே வர, சபை ஆமென் என்றது. பதினாறு முடிந்தது. தாளை மடித்தேன். நாம் ஜெபிப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது பெஞ்சில் அவள் முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். கோயிலுக்குள் குரல் எழுப்பி நான் பார்த்ததில்லை. "ஏங்க, நம்ம பேர விட்டுட்டியளே" என்றாள். சபை முழுக்கச் சிரித்தது, எப்பனேசர் சார்கூடச் சிரித்தார், ஐயருக்குத் தன் வீட்டு ஞாபகம் மட்டும் இருக்காது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவளும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, அந்த நடுவழியில் என்னைப் பார்த்து நடந்து வந்தாள், வந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தை நிமிர்த்தி நின்றாள். தாளைப் பிரித்தேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சத்தமாக வாசித்தேன். சபை ஆமென் என்றது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு அவள் மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்.